பச்சைச் சிப்பியில் மைக்ரோபிளாஸ்டிக் எண்ணினால் எண்ணூர்த் தண்ணீரைப் பற்றி என்ன சொல்லலாம்?

மணலி_மாணவி கேட்டது:

வணக்கம். எம்.எஸ்சி. விலங்கியல் கடைசி ஆண்டில் இருக்கிறேன். கடலோர நீரில் உள்ள மைக்ரோபிளாஸ்டிக்கை, அதாவது நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களை, சிப்பி வைத்துக் கண்காணிப்பதுதான் ப்ராஜெக்ட். கைடு சொன்ன திட்டம் எளிமையானது. எண்ணூர், காசிமேடு, கோவளம் மூன்று இடத்திலும் பச்சைச் சிப்பி எடு, சதையைக் கே.ஓ.எச். (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசலில் கரை, வடிகட்டு, மைக்ராஸ்கோப்பில் எண்ணு, எங்கே எண்ணிக்கை அதிகமோ அங்கே கடல் அதிகம் கெட்டிருக்கிறது என்று எழுது.

முன்னோட்டமாக மார்க்கெட்டில் வாங்கிய சிப்பியில் செய்து பார்த்தேன். ஃபில்டர் பேப்பர் முழுக்க நார். நீலம், கறுப்பு, நிறமே இல்லாதது, சிவப்பும் ஒன்றிரண்டு. நடுநடுவே சின்னச் சின்ன உருண்டைகள். ரிசல்ட் வந்துவிட்டது என்று முதலில் சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் சந்தேகம் வந்தது: இதெல்லாம் பிளாஸ்டிக்தானா? ஒரு துகள் எந்தப் பொருள் என்று அகச்சிவப்பு ஒளியால் காட்டும் எஃப்.டி.ஐ.ஆர். கருவி எங்கள் கல்லூரியில் கிடையாது.

இன்னொன்று. பிஎச்.டி. செய்யும் சீனியர் ஒருவர், "சிப்பி பிளாஸ்டிக்கைத் துப்பிவிடும், அதை வைத்துக் கடலை அளப்பது வீண்வேலை" என்கிறார். தேடிப் பார்த்தால் சிப்பிதான் சிறந்த குறிகாட்டி என்று சொல்லும் கட்டுரைகள் கொட்டிக் கிடக்கின்றன. யாரை நம்புவது? மழைக்கு முன்னால் ஒரு சுற்றாவது மாதிரி எடுத்தாக வேண்டும். நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_லேப்காரி:

உன் லேபில் தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறதா மா? சென்னையில் ஓடாமல் எப்படி இருக்கும். அங்கிருந்து தொடங்கலாம். சிப்பிக்கு அப்புறம் வருவோம்.

கடல்நீர் மாதிரிகளோடு பல வருடம் மாரடித்தவள் நான். ஃபில்டரில் நார் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் துணிதான் நினைவுக்கு வரும், கடல் இல்லை. பாலியஸ்டர் சுடிதார், துப்பட்டா, ஜீன்ஸ், மேசை துடைக்கிற துணி எல்லாவற்றிலிருந்தும் நார் உதிர்ந்து காற்றில் மிதக்கிறது. ஃபேன் அதைக் கிளப்பி உன் பீக்கருக்குள் போடுகிறது. அதனால் பிளாங்க், அதாவது சிப்பி போடாத வெற்றுச் சோதனை, இல்லாத எண்ணிக்கைக்கு மதிப்பே கிடையாது. சிப்பிச் சதை ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அப்படியே செய்: அதே கரைசல், அதே பீக்கர், அதே ஓவன், அதே நேரம். ஒவ்வொரு தொகுதியோடும் இது ஓட வேண்டும், ஆரம்பத்தில் ஒருமுறை செய்துவிட்டு விடுவதற்கில்லை. மைக்ராஸ்கோப் பக்கத்தில் ஈரமான ஃபில்டர் பேப்பர் ஒன்றைத் திறந்து வைத்தால் காற்றிலிருந்து விழுவது அதில் தெரியும். கே.ஓ.எச். கரைசலையே முதலில் வடிகட்டிவிடு. டிஸ்டில்டு வாட்டர் பிளாஸ்டிக் கேனில் வருகிறது, வாஷ் பாட்டிலும் பிளாஸ்டிக்தான். கண்ணாடிக்கு மாறு. பருத்திக் கோட்டு போடு, முடிந்தால் யாரும் போடாத ஒரு அழுத்தமான நிறத்தில். அந்த நிறத்தில் நார் வந்தால் அது நீ போட்டது.

நார் எல்லாம் பிளாஸ்டிக் என்று நினைப்பதே பெரிய பொறி. 2020-ல் சயன்ஸ் அட்வான்சஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆறு கடற்பகுதிகளில் எடுத்த 916 நீர் மாதிரிகளிலிருந்த நார்களைச் சோதித்ததில் செயற்கை நார் 8.2 சதவீதம்தான். ஏறக்குறைய 80 சதவீதம் பருத்தி, விஸ்கோஸ் போன்ற செல்லுலோஸ் வகை. மிச்சம் கம்பளி மாதிரி விலங்கு நார். சாயம் ஏறிய பருத்தி நாரும் மைக்ராஸ்கோப்பில் பளபளவென்று நீலமாகத்தான் இருக்கும். சூடான ஊசியை வைத்துப் பார், பல பிளாஸ்டிக்குகள் உருகும் அல்லது சுருளும், பருத்தி அப்படிச் செய்யாது. அதுகூட முதல் வடிகட்டல்தான். எடுத்த துகள்களில் ஒரு பகுதியையாவது எஃப்.டி.ஐ.ஆருக்கு அனுப்பு. ஐஐடி மெட்ராஸில் இருக்கும் சைஃப் போன்ற பொதுக் கருவி மையங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு வெளி ஆட்களுக்கும் செய்து தருகிறார்கள். போகும் முன் ஒன்று கேட்டுக்கொள்: மைக்ராஸ்கோப் இணைத்த கருவி இருக்கிறதா என்று. சாதாரணக் கருவியில் உன் நாரைப் பிடித்து வைக்கவே முடியாது.

கே.ஓ.எச். நல்ல தேர்வு. பத்து சதவீதம், 40 டிகிரியில் பொறுமையாக விடு. 60 டிகிரியில் ஒரே நாளில் முடிக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள், அதுவும் பரவாயில்லை. அதற்கு மேல் சூடு ஏற்றாதே, பாலியஸ்டர் அரிபடும். சிகரெட் ஃபில்டரின் செல்லுலோஸ் அசிடேட் எப்படியும் போய்விடும், அதை எழுதிவிடு. பழைய முறைகளில் நைட்ரிக் அமிலம் சொல்லியிருப்பார்கள். அது நைலானைச் சாப்பிட்டுவிடும். மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் மாதிரி எடுத்துவிட்டு வலை நைலானைத் தொலைத்தால் அப்புறம் என்ன மிச்சம்?

இப்போது உன் சீனியர். அவர் சொல்வதில் பாதிக்கு மேல் சரி.

சிப்பி தண்ணீரை இழுத்து, செவுளில் இருக்கும் நுண்மயிர்களால் துகள்களைப் பிடிக்கிறது, சளியில் சுற்றுகிறது, வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் மடல்களுக்கு அனுப்புகிறது. அங்கேதான் தேர்வு நடக்கிறது. பந்தியில் உட்கார்ந்தவர் கறிவேப்பிலையை இலை ஓரத்தில் ஒதுக்குவது போல, வேண்டாததைச் சளியோடு சேர்த்து வாய்க்குள் போகாமலே வெளியே தள்ளிவிடும். அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இவான் வார்டும் கூட்டாளிகளும் 2019-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மிகச் சிறிய உருண்டைகளில் 10 முதல் 30 சதவீதம்தான் ஒதுக்கப்பட்டன. ஒரு மில்லிமீட்டர் உருண்டைகள் கிட்டத்தட்ட எல்லாமே வெளியே வந்துவிட்டன. ஆகவே சிப்பியின் வயிற்றில் இருப்பது கடலில் இருப்பதன் நகல் அல்ல, சிப்பி பொறுக்கி எடுத்தது. உள்ளே போனதிலும் பெரும்பகுதி சில மணி நேரத்திலோ சில நாளிலோ மலத்தோடு போய்விடும்.

கைடுகள் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். எட்வர்ட் கோல்ட்பர்க் 1975-ல் "சிப்பியை வைத்துக் கடலைக் கண்காணிப்போம்" என்று சொன்னபோது மனதில் இருந்தவை கன உலோகங்கள், டிடிடி, பெட்ரோலிய எச்சம், கதிரியக்கப் பொருள்கள். அமெரிக்காவில் 1986 முதல் நோவா என்ற அரசுக் கடல் ஆய்வு நிறுவனம் அதே யோசனையில்தான் சிப்பிக் கண்காணிப்பு நடத்துகிறது. ஈயமும் டிடிடியும் சதையிலும் கொழுப்பிலும் சேர்ந்து தங்கும். பல மாதம் அது குடித்த தண்ணீரின் கணக்கு அங்கே இருக்கும். பிளாஸ்டிக் துகள் அப்படித் தங்குவதில்லை. சில மைக்ரான் அளவு துகள் மட்டும் குடலைத் தாண்டி உள்ளே போகும். 2008-ல் மார்க் பிரவுன் குழு நீலச் சிப்பியில் செய்த சோதனையில் அப்படிப் போனவை 48 நாளுக்கு மேலும் அதன் உடல் திரவத்தில் இருந்தன. ஆனால் அந்த அளவுத் துகளை உன் மைக்ராஸ்கோப் காட்டாது, எஃப்.டி.ஐ.ஆரும் பிடிக்காது, லேசர் ஒளியால் பொருளை அடையாளம் காட்டும் ராமன் கருவி வேண்டும். நீ எண்ணப்போவது அது சமீபத்தில் விழுங்கி இன்னும் வெளியேற்றாததை.

அதனால் மார்க்கெட் சிப்பியை மறந்துவிடு. எந்தத் தண்ணீரில் எத்தனை நேரம் போட்டு வைத்தார்களோ, எந்த உரச் சாக்கில் கட்டி வந்ததோ. அந்தச் சாக்கே பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழைதான். நீயே நின்று எடு, எவர்சில்வர் டிபன் பாக்ஸில் போடு, அங்கேயே ஐஸில் வை. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுத்தத் தண்ணீரில் விட்டால் உன் ரிசல்ட்டை அதுவே கழுவிவிடும்.

எண்ணூர்க்_கரையிலிருந்து:

தங்கச்சி, எங்க ஊரைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். அப்பா காலத்திலிருந்து ஆற்றிலும் கடலிலும் தொழில்.

"எண்ணூர்" என்று ஒரே பேர் போட்டால் போதாது. முகத்துவாரத்துக்கு வெளியே கல் போட்ட இடத்தில் ஒட்டியிருக்கிற சிப்பி ஒன்று. உள்ளே ஆற்றில் சேற்றில் கிடக்கிற மட்டி வேறு. கடல் பக்கம் இருப்பது குடிக்கிற தண்ணீரும் ஆற்றுக்குள் இருப்பது குடிக்கிற தண்ணீரும் ஒன்றில்லை. ஓதம் ஏறும்போது ஒன்று, வற்றும்போது ஒன்று. எந்த நேரம் எடுத்தாய் என்று எழுதி வை.

அப்புறம் நீரோட்டம். இது யாரும் கேட்பதில்லை. தெற்கத்திக் காற்று அடிக்கிற மாதங்களில் தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே ஓடும், தெண்டி என்போம். அந்தச் சமயம் அடையாறு, கூவம் கழிவெல்லாம் எங்கள் பக்கம் ஏறும். ஐப்பசிக்கு மேல் வன்னி, வடக்கிலிருந்து தெற்கே. அப்போது எங்கள் ஆற்றுத் தண்ணீர் உங்கள் ஊர்ப் பக்கம் இறங்கும். நீ ஆடியில் எண்ணூரையும் கார்த்திகையில் கோவளத்தையும் எடுத்துவிட்டு ஒப்பிட்டால் அது ஒப்பீடா? மூன்று இடமும் ஒரே வாரத்தில் எடு.

நீ உருண்டை என்றாயே, அதைக் கொஞ்சம் பார்த்துக்கொள். மார்க்கெட் சிப்பி எங்கிருந்து வந்ததோ தெரியாது, எங்கள் ஆறாக இருந்தால் அது சாம்பலாக இருக்கலாம். அனல்மின் நிலையச் சாம்பல் இங்கே சேற்றோடு சேறாகக் கிடக்கிறது. கையில் எடுத்தாலே தெரியும். படித்த பிள்ளைகளுக்கு மைக்ராஸ்கோப்பில் எப்படித் தெரியுமோ.

ஒரு வருத்தமும் சொல்லிவிடுகிறேன். மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரில் ஆற்றில் எண்ணெய் பரவியது எல்லோருக்கும் தெரியும். அதற்கு அப்புறம் மீன் விற்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போகிறவர்கள் எத்தனையோ பேர். என்ன கண்டுபிடித்தார்கள் என்று திரும்பி வந்து சொன்னவர் குறைவு. "எண்ணூர்ச் சிப்பியில் பிளாஸ்டிக்" என்று செய்தி வரும்போதுதான் எங்களுக்கே தெரியும். நீ எண்ணுவது தப்பில்லை. எண்ணியதை எங்களிடமும் சொல்.

பழைய_லேப்காரி:

அண்ணன் சொன்ன சாம்பல் விஷயத்தைத் தங்க எழுத்தில் எழுதி ஒட்டிக்கொள் மா. நிலக்கரிச் சாம்பலில் கண்ணாடி போன்ற நுண்ணிய உருண்டைகள் இருக்கும், சில உள்ளே காலியானவை, தண்ணீரில் மிதக்கவும் செய்யும். கே.ஓ.எச். அதைக் கரைக்காது, உப்புக் கரைசலில் பிரித்தாலும் மிதக்கிறவை பிளாஸ்டிக்கோடு சேர்ந்தே மேலே வரும். எங்கோ வெளிநாட்டுக் கரையில் எழுதிய செய்முறையில் இந்த எச்சரிக்கை இருக்காது. சூடான ஊசிக்கு உருகாது, அழுத்தினால் நொறுங்கும். எண்ணூர் மாதிரியில் வரும் ஒவ்வொரு உருண்டையையும் சாம்பல் என்றே வைத்துக்கொண்டு தொடங்கு. பிளாஸ்டிக் என்று நிரூபணமானால் மாற்று.

காசிமேட்டுக்கும் இப்படி ஒரு கோளாறு உண்டு. துறைமுகத்துக்குள் ஃபைபர் படகைச் சுரண்டுகிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள், வலை பின்னுகிறார்கள். அங்கே சிப்பியில் பச்சை இழையும் பெயின்ட் செதிலும் வந்தால் அது அந்தத் தளத்தின் குப்பை. சென்னைக் கடலின் நிலைமை என்று அதை எழுத முடியாது. துறைமுகத்தை அளக்கிறேன் என்று சொல்லிவிட்டு எடுத்தால் தப்பே இல்லை.

பெரம்பூர்_அம்மா:

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு ஆராய்ச்சி எல்லாம் தெரியாது. எங்கள் வீட்டில் வாரம் தவறாமல் எறா, நெத்திலி, எப்போதாவது மட்டி வாங்குவோம். படிக்கப் படிக்கப் பயமாக இருக்கிறது. சின்னவனுக்கு மட்டித் தொக்கு என்றால் உயிர். கொடுக்கலாமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்கள்.

பழைய_லேப்காரி:

இதில் என்ன மன்னிப்பு. நியாயமான கேள்வி.

மீனில் குடலை எடுத்துவிடுகிறோம், சிப்பியையும் மட்டியையும் குடலோடு சாப்பிடுகிறோம். அதனால்தான் எல்லோரும் சிப்பியைப் பார்க்கிறார்கள். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 2014-ல் செய்த ஆய்வில், உணவுக்காக வளர்த்த நீலச் சிப்பியில் கிராமுக்குச் சராசரியாக 0.36 துகள் இருந்தது. சிப்பியை நிறையச் சாப்பிடும் ஐரோப்பியருக்கு வருடத்துக்கு 11,000 துகள் வரை உள்ளே போகலாம் என்று கணக்குப் போட்டார்கள். அந்த எண்தான் உலகம் முழுக்கச் சுற்றியது.

2018-ல் ஸ்காட்லாந்தில் ஒரு குழு வேறு மாதிரி கேட்டது. சாப்பாட்டு நேரத்தில் வீட்டுத் தூசியிலிருந்து தட்டில் விழும் நாரை எண்ணினார்கள். சிப்பி வழியாக ஒருவருக்கு வருடத்துக்கு நூற்றுச் சொச்சம். தட்டில் விழுந்து உள்ளே போவது 13,000-க்கு மேல், 68,000 வரை. சோபா, திரைச்சீலை, துணி இவற்றிலிருந்து வருவது. நான் ஏன் ஃபேனைப் பற்றி அவ்வளவு பேசினேன் என்று இப்போது தெரியும்.

அதற்காகப் பிளாஸ்டிக் ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லவில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2024-ல்தான் இந்திய உணவுகளில் இதை அளக்கத் திட்டம் தொடங்கியது, கொச்சியில் இருக்கும் மீன் தொழில்நுட்ப நிறுவனமும் அதில் இருக்கிறது. என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், சாக்கடை கலக்கும் இடத்தில் எடுத்த மட்டியில் எனக்கு முதல் பயம் கிருமி, இரண்டாவது பயம் உலோகம். பிளாஸ்டிக் அதற்கெல்லாம் பின்னால். எங்கே எடுத்தது என்று விற்கிறவரைக் கேளுங்கள், சொல்லத் தெரியாவிட்டால் வாங்காதீர்கள், நன்றாக வேகவையுங்கள். எறாவின் முதுகுக் கறுப்பு நரம்பை எடுத்துவிடுங்கள், அதுதான் குடல். நெத்திலியில் தலையோடு வயிற்றையும் கிள்ளிவிடுவது நம் வீடுகளில் வழக்கம்தானே.

தரமணி_வாசகன்:

லேப்காரி மேடம் சிப்பியைக் கொஞ்சம் அதிகமாகவே அடிக்கிறார் என்று தோன்றுகிறது. சீனக் கடற்கரையில் பல இடங்களில் சிப்பியையும் தண்ணீரையும் சேர்த்தே எடுத்த 2018 ஆய்வு ஒன்று, தண்ணீரில் கூடினால் சிப்பியிலும் கூடுகிறது என்று காட்டியது. அடுத்த வருடமே சிப்பியை உலகளாவிய குறிகாட்டியாக வைக்கலாம் என்று எழுதினார்கள். நம் பக்கமும் 2019-ல் தென்கிழக்குக் கடற்கரையின் பச்சைச் சிப்பி பற்றியும் தூத்துக்குடியின் உண்ணக்கூடிய ஆளி (ஆய்ஸ்டர்) பற்றியும் கட்டுரைகள் வந்தன. தண்ணீர் மாதிரி என்பது ஒரு நொடியின் படம். அலை அடித்தால் மாறும். சிப்பி சில மணி நேரத்தையாவது சேர்த்துக் காட்டுகிறது. இடம் விட்டு நகராது, ஆழ்கடலுக்குக் கப்பல் வேண்டாம், மாணவர் பட்ஜெட்டில் முடியும். இதையெல்லாம் விட்டுவிட்டு மாணவியைப் பயமுறுத்த வேண்டாமே.

பழைய_லேப்காரி:

சார், அந்தச் சீன ஆய்விலேயே சிப்பிக்குள் இருந்தவை தண்ணீரில் இருந்தவற்றைவிடச் சிறியவை என்றும் இருக்கிறது. நான் சொல்வதும் அதுதான். சிறிய அளவுக்குச் சிப்பி பேசும், பெரியதற்கு வாயே திறக்காது.

நம் ஊர் உதாரணமே சொல்கிறேன். 2015 வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் சென்னைக் கரையில் பிளாஸ்டிக் குருணைகளை எண்ணிய ஆய்வு இருக்கிறது. அதே வருடம் மார்ச்சில் இருந்ததைவிட நவம்பரில் மூன்று மடங்கு, கூவமும் அடையாறும் கொண்டுவந்து கொட்டியது என்றார்கள். குருணை என்பது சில மில்லிமீட்டர் அளவு. அன்றைக்கு எந்தப் பச்சைச் சிப்பியை அறுத்துப் பார்த்திருந்தாலும் அதில் ஒன்றுகூட இருந்திருக்காது. 2021-ல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து டன் கணக்கில் குருணை கொட்டியபோதும் அப்படித்தான். மணலில் கை வைத்தவருக்குத் தெரிந்தது சிப்பிக்குத் தெரியாது. சென்னைக் கடலுக்கு ஒரே தடவையில் அதிகம் பிளாஸ்டிக் வருவது மழைவெள்ளத்தில், அதில் பெரும்பகுதி பெரிய துண்டு. அதைப் பார்க்க முடியாத ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு "எண்ணூர் அதிகம், கோவளம் குறைவு" என்று எழுதக் கூடாது. சிப்பியை விடச் சொல்லவில்லை, தனியாக விடாதே என்கிறேன்.

மணலி_மாணவி:

எல்லோருக்கும் நன்றி. அண்ணா, கண்டிப்பாக வந்து சொல்கிறேன். அக்கா, இன்று மட்டும் பிளாங்க் ஓட்டிப் பார்த்தேன். சிப்பியில் இருந்த நீல நாரில் நல்ல பங்கு பிளாங்க்கிலும் இருக்கிறது. கைடிடம் எப்படிச் சொல்வது என்று இருக்கிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். கோவளத்துச் சிப்பி சின்னதாக இருக்கிறது, காசிமேட்டில் பெரிது. எண்ணிக்கையைக் கிராமுக்குப் போடுவதா, ஒரு சிப்பிக்குப் போடுவதா? அப்புறம், ஒரே இடத்துச் சிப்பியைக் கூண்டில் கட்டி மூன்று இடத்திலும் தொங்கவிடலாம் என்று படித்தேன். நம் ஊரில் நடக்குமா?

பழைய_லேப்காரி:

இரண்டையும் போடு, எப்போதும். இரண்டு கிராம் சதையில் மூன்று துகள் இருந்தால் கிராமுக்கு 1.5. பன்னிரண்டு கிராம் சதையில் ஆறு துகள் இருந்தால் கிராமுக்கு 0.5. ஒரு சிப்பிக்கு என்று பார்த்தால் இரண்டாவது இரண்டு மடங்கு, கிராமுக்கு என்று பார்த்தால் முதலாவது மூன்று மடங்கு. ஒன்றை மட்டும் காட்டினால் எந்த ஊரை வேண்டுமானாலும் கெட்ட ஊராக ஆக்கலாம். அதைவிட நல்லது மூன்று இடத்திலும் ஒரே ஓட்டு நீளத்தில் எடுப்பது. கோவளத்தில் பெரியது கிடைக்காவிட்டால் காசிமேட்டில் சின்னதைத் தேடு. உன் ஃபில்டரின் துளை எத்தனை மைக்ரான், எதற்குக் கீழே நீ எண்ணவில்லை, அதையும் எழுது. அந்த ஒரு வரி இல்லாமல்தான் ஒருவர் கட்டுரையை இன்னொருவர் கட்டுரையோடு ஒப்பிட முடியாமல் போகிறது.

கூண்டு யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே இடத்துச் சிப்பி, ஒரே அளவு, ஒரே நாளில் இறக்கி ஒரே நாளில் எடுத்தால் பாதிக் குழப்பம் தீரும். பச்சைச் சிப்பி பிடிவாதமான பிராணி. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கடல்நீர் எடுக்கும் சுரங்கக் குழாய்க்குள் அது வளர்ந்து அடைத்ததைப் பற்றித் தனி ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. கூண்டில் வைத்தால் தாங்கும். ஆனால் நைலான் வலைக்கூண்டும் நைலான் கயிறும் வேண்டாம், அதுவே உதிரும். எவர்சில்வர் கம்பிவலை, தேங்காய் நார்க் கயிறு. பெரிய மழை பெய்து ஆற்றுத் தண்ணீர் பாய்ந்தால் முகத்துவாரத்தில் வைத்தது செத்துப் போகலாம். அப்படிச் செத்ததை எண்ணாதே. யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் பெரிய கேள்வி.

பக்கத்திலேயே தண்ணீரும் எடு. வலையில் இழுத்தால் வலைக்கண்ணைவிட மெல்லிய நார் நழுவிவிடும், அதனால் கண்ணாடிப் பாட்டிலில் நேராக எடுத்து வடிகட்டு. கொஞ்சம் அடிமணலும் எடு. உன்னிடம் நேரம் குறைவு என்றால் மூன்று இடத்தை இரண்டாக்கு. இடத்தைக் குறைத்தால் கைடு கோபப்படலாம், பிளாங்க்கைக் குறைத்தால் வைவாவில் மாட்டுவாய்.

எண்ணூர்க்_கரையிலிருந்து:

கூண்டு கட்ட இடம் நாங்கள் காட்டுகிறோம். படகு நிற்கிற பக்கம் கட்டினால் யாரும் தொட மாட்டார்கள், தெரிந்த பையன்கள்தான். ஆனால் ஊர் நிர்வாகத்திடம் முதலில் சொல்லிவிட்டு வா தங்கச்சி, சொல்லாமல் எதையும் இறக்காதே. துறைமுகக் கல் பக்கம் போகாதே, அங்கே காவல் உண்டு, பிடித்தால் பதில் சொல்ல முடியாது.

மணலி_மாணவி:

சரி அண்ணா, வீட்டில் கேட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தோழியோடு வருகிறேன். அக்கா, தலைப்பை மட்டும் எப்படி வைப்பது? கைடு கொடுத்தது "சிப்பி வழியாகச் சென்னைக் கடலோர மாசு மதிப்பீடு".

பழைய_லேப்காரி:

"மாசு மதிப்பீடு" பெரிய வார்த்தை. "இரண்டு இடங்களில் பச்சைச் சிப்பி உட்கொள்ளும் மைக்ரோபிளாஸ்டிக், நீர் மாதிரியோடு ஒப்பீடு" என்று கேட்டுப் பார். ஒத்துக்கொள்ளாவிட்டால் தலைப்பை அவர் இஷ்டத்துக்கே விடு, சண்டை வேண்டாம். அட்டவணையில் மட்டும் விட்டுக்கொடுக்காதே: சிப்பி ஒரு நெடுவரிசை, தண்ணீர் ஒரு நெடுவரிசை, பிளாங்க் ஒரு நெடுவரிசை, எஃப்.டி.ஐ.ஆரில் உறுதியானது ஒரு நெடுவரிசை. பிளாங்க்கைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் போடாதே, கழிப்பதற்கு முன் இருந்த எண்ணும் தெரிய வேண்டும்.